ஐ5-இல் தொடங்கி எம்ஆர்பி வரை: ஒரு லேப்டாப் வரிக்கு உரை

மூலம்:

“இன்டெல் கோர் ஐ5 13-ஆம் தலைமுறை 13420எச் – (8 ஜிபி / 512 ஜிபி எஸ்எஸ்டி / விண்டோஸ் 11 ஹோம் / 6 ஜிபி கிராபிக்ஸ் / என்விடியா ஜிஃபோர்ஸ் ஆர்டிஎக்ஸ் 3050 / 144 ஹெர்ட்ஸ்) கேமிங் லேப்டாப் (15.6 அங்குலம், கறுப்பு, 2.1 கிலோ)”

பொறியியல் கவுன்சலிங் முடிந்து, சூரப்பட்டிலோ ஆவடியிலோ பூந்தமல்லிப் பக்கமோ ஒரு கல்லூரியில் இடம் உறுதியான வீடுகளில் அடுத்த பேச்சு இந்த ஒன்றரை வரியைப் பற்றித்தான். சென்னையின் மேனாம்பேட்டில் இது வாட்ஸ்அப்பில் நடமாடும் விதத்தை நான் அறிவேன். பையன் அப்பாவுக்கு அனுப்புகிறான். அப்பா அம்பத்தூர் எஸ்டேட்டில் கூட வேலை பார்ப்பவரிடம் காட்டுகிறார். அவர் கண்ணாடியை ஏற்றிப் பார்த்துவிட்டு “ஐ5னா நல்லதுதாண்ணே” என்கிறார். அத்தோடு ஆலோசனை முடிகிறது. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ட்ராயிங் படிப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள் இவர்கள். ஒரு டாலரன்ஸ் எழுதாமல் விட்டிருந்தால் வேலையைத் தொடாமல் திருப்பி அனுப்புவார்கள். இந்த வரியில் அதைவிடப் பெரிய விடுபடல்கள் இருக்கின்றன. அவை எங்கே இருக்கின்றன என்று தெரியாததால் கேள்வி எழவில்லை, அவ்வளவுதான்.

வரி எந்த ஒரு கம்பெனிக்கும் சொந்தமானதல்ல. ஏசர் நைட்ரோ, எச்பி விக்டஸ், லெனோவோ எல்ஓக்யூ, அசுஸ் டஃப், எம்எஸ்ஐ தின் என்று ஏறத்தாழ 60 முதல் 80 ஆயிரம் ரூபாய்க்குள் போட்டி போட்டு வந்த வகையறா முழுவதற்கும் இதே அச்சுதான். எண்கள் கொஞ்சம் மாறும். ஒன்றுக்கு உரை சொன்னால் மற்றவற்றுக்கும் செல்லும்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வரியில் உள்ளவற்றில் சிலவற்றைப் பின்னால் ஸ்க்ரூ கழற்றி மாற்றிக்கொள்ளலாம்: ரேம், எஸ்எஸ்டி, பேட்டரி. சில, வாங்கிய நாளிலிருந்து காயலான் கடைக்குப் போகும் நாள்வரை அப்படியே இருக்கும்: பிராசசர், கிராபிக்ஸ், சூட்டை வெளியேற்றும் ஏற்பாடு. திரையை மாற்றலாம்தான், ஆனால் அந்தச் செலவுக்கு யாரும் துணிவதில்லை. கையிலிருக்கும் பணம் மாறாதவற்றுக்குப் போக வேண்டும். மூலமோ இரண்டு இனத்தையும் சாய்கோடு போட்டு ஒரே வரிசையில் உட்கார வைத்திருக்கிறது. படிப்பவருக்கு எல்லாம் ஒரே எடையாகத் தெரிகிறது.

“இன்டெல் கோர் ஐ5”

ஐ3, ஐ5, ஐ7 என்பவை ஒரே வகைக்குள் செல்லுபடியாகும் படிநிலைகள். வகை மாறினால் ஒப்பீடு செல்லாது. “ஐ7 லேப்டாப்பே இதைவிடக் கம்மி விலைக்குக் கிடைக்குது, இவன் ஏன் ஐ5-க்கு அடம் பிடிக்கிறான்?” என்று கேட்கும் அப்பாக்கள் நியாயமாகத்தான் கேட்கிறார்கள். அந்த ஐ7 பெரும்பாலும் 1355யு போன்ற ஒன்றாக இருக்கும். அதில் 10 கோர்கள் உண்டு, ஆனால் 2 மட்டுமே பெரியவை, மீதி 8 சின்னவை. 15 வாட் மின்சாரத்தில் ஓடுவதற்கென்று வடிவமைத்தது அது. மெல்லிய ஆபீஸ் லேப்டாப்புக்குப் பொருத்தமானது, பேட்டரியும் நிற்கும். நம் மூலத்தின் 13420எச்சில் 8 கோர்கள்தான். ஆனால் 4 பெரியவை, அடிப்படை மின்சாரமே 45 வாட். விளையாட்டும் சாலிட்வொர்க்ஸ் போன்ற மென்பொருள்களும் கேட்பது பெரிய கோர்களையும், மணிக்கணக்கில் விடாமல் கிடைக்கும் மின்சாரத்தையும்தான். அந்த வேலைக்கு இந்த ஐ5 அந்த ஐ7-ஐவிட மேல்.

ஆகவே ஐ5-ஐப் பார்த்துத் திருப்தி அடையாமல், எண்ணின் கடைசியில் ஒட்டியிருக்கும் எழுத்தைப் பார்க்க வேண்டும். யு என்றால் சிக்கனம். எச், எச்எக்ஸ், ஏஎம்டியில் எச்எஸ் என்றால் உழைப்புக்கானது.

“13-ஆம் தலைமுறை 13420எச்”

தலைமுறை என்றதும் புதிது, நல்லது என்று மனம் ஓடிவிடும். கணக்கைப் பார்ப்போம். 2022-இல் வந்த 12450எச்சில் 4 பெரிய கோர், 4 சின்ன கோர், 12 த்ரெட், உச்ச வேகம் 4.4 கிகாஹெர்ட்ஸ். அடுத்த ஆண்டு வந்த 13420எச்சில் 4 பெரிய கோர், 4 சின்ன கோர், 12 த்ரெட், உச்ச வேகம் 4.6 கிகாஹெர்ட்ஸ். ஒரு தலைமுறை மாறியும் வித்தியாசம் 0.2 கிகாஹெர்ட்ஸ்தான். இதற்காகக் கடையில் மூவாயிரம் நாலாயிரம் கூடக் கேட்டால், அந்தப் பணத்தை மூலத்தின் வேறு சொல்லுக்கு ஒதுக்குவதே புத்திசாலித்தனம்.

ஏஎம்டி ரைசன் இதே விளையாட்டை வேறு விதமாக ஆடுகிறது. 7535எச்எஸ் என்ற எண்ணில் முதல் 7, அது 2023-ஆம் ஆண்டு வரிசை என்கிறது. மூன்றாவது இலக்கமான 3-தான் உள்ளிருப்பது ஜென் 3 கட்டமைப்பு, அதாவது அதற்கு முந்தைய காலத்துச் சரக்கு என்று சொல்கிறது. அதனால் கெட்டுப்போனதல்ல. இந்த விலையில் வரும் கிராபிக்ஸுக்கு அது தாராளமாக ஈடுகொடுக்கும். புதியது என்ற பெயரில் கூடுதல் விலை கேட்டால் மட்டும் ஒப்புக்கொள்ளக் கூடாது.

7435எச்எஸ் என்ற எண் தனி எச்சரிக்கைக்கு உரியது. 8 கோர், 16 த்ரெட் என்று ஆசை காட்டும். ஆனால் அந்தச் சில்லில் உள்ளமைந்த கிராபிக்ஸ் கிடையாது. மற்ற லேப்டாப்களில் நோட்ஸ் படிக்கும்போதும் பிடிஎஃப் திறக்கும்போதும் சின்ன கிராபிக்ஸ் ஓடும், என்விடியா தூங்கும். இதில் எந்நேரமும் என்விடியாவே விழித்திருக்க வேண்டும், பேட்டரி அதற்கேற்பக் கரையும். வீட்டில் மேசையை விட்டு நகராத மெஷினுக்கு இது குறையே இல்லை. நாள் முழுக்க வகுப்பில் ப்ளக் பாயின்ட் தேடி அலையும் மாணவருக்கு இது அன்றாடத் தொல்லை.

“8 ஜிபி”

மூலத்திலேயே மிகச் சிறிய சொல் இது. ஆனால் மூன்று செய்திகளை மறைக்கிறது: எத்தனை ஸ்டிக், எத்தனை ஸ்லாட், எந்த வகை.

முதலில் அளவு. விண்டோஸ் 11 தனக்கென்று மூன்று நான்கு ஜிபியை எடுத்துக்கொண்டுதான் எழுந்திருக்கும். குரோமில் பத்து டேப் திறந்தால் மீதியும் போகும். சைபர்பங்க் 2077 போன்ற ஒரு விளையாட்டு குறைந்தபட்சத் தேவையாகவே 12 ஜிபி கேட்கிறது. ஆக, 8 ஜிபி என்பது கடையில் மெஷினை ஆன் செய்து காட்டுவதற்கான அளவு. வேலைக்கு 16 வேண்டும்.

அடுத்தது ஸ்டிக். 8 ஜிபி என்று எழுதியிருந்தால் ஏறக்குறைய எப்போதும் ஒரே ஸ்டிக், இன்னொரு ஸ்லாட் காலி என்று பொருள். இரண்டு ஸ்டிக் இருந்தால் பிராசசர் இரண்டிடமும் ஒரே நேரத்தில் பேசும். ஒன்றே இருந்தால் பாதிப் பாதைதான். இதனால் சில விளையாட்டுகளில் ஃப்ரேம் கண்கூடாகக் குறையும். கடையில் கேட்க வேண்டிய கேள்வி, “எத்தனை ஸ்லாட், எது காலி? நான் திறந்து இன்னொன்று போட்டால் வாரன்டி என்னாகும்?” கடைசிக் கேள்விக்குக் கம்பெனிக்குக் கம்பெனி பதில் மாறும். வாய்ச்சொல்லாக வாங்காமல் எழுத்தில் வாங்குவது நல்லது.

பல வருடங்களாக இதற்கு ஒரு எளிய வழி இருந்தது. 8 ஜிபி மெஷினை வாங்கு, மிச்சம் பிடித்த பணத்தில் பட்டரைவாக்கத்திலோ அம்பத்தூரிலோ ரயில் ஏறி சென்ட்ரலில் இறங்கி, ரிச்சி ஸ்ட்ரீட்டில் இன்னொரு 8 ஜிபி ஸ்டிக்கைப் போட்டுக்கொண்டு வா. கம்பெனி 16 ஜிபி மாடலுக்குக் கூடுதலாகக் கேட்கும் பணத்தில் பாதியிலேயே காரியம் முடியும். நானும் எத்தனையோ பேருக்கு இதையே சொல்லியிருக்கிறேன்.

2025-இன் கடைசி மாதங்களில் இந்த வழி குழம்பிவிட்டது. செயற்கை நுண்ணறிவுக்கான டேட்டா சென்டர்கள் உலகத்து மெமரிச் சில்லுகளை மொத்தமாக வாரிக்கொள்ளத் தொடங்கியதில் ரேம் விலை எகிறியது. கிரூஷியல் என்ற பெயரில் சில்லறைச் சந்தைக்கு ரேமும் எஸ்எஸ்டியும் விற்றுவந்த மைக்ரான், அந்த வியாபாரத்தையே விட்டுவிடுவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. ரிச்சி ஸ்ட்ரீட் கண்ணாடி அலமாரிகளில் பழகிய பெயர் அது. மேனாம்பேட்டு மாணவர் வாங்கும் ஒரு ஸ்டிக்கின் விலை எங்கோ அமெரிக்காவில் எழும் டேட்டா சென்டரோடு கட்டுண்டிருக்கிறது. ஆகையால் இப்போது என் ஆலோசனை இரண்டாகப் பிரிகிறது. வாங்கும் அன்றே 16 ஜிபி மாடலுக்கும் 8 ஜிபி மாடலுக்கும் உள்ள விலை வித்தியாசத்தையும், தனி ஸ்டிக்கின் அன்றைய விலையையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிப் பார்க்க வேண்டும். கம்பெனி பழைய ஸ்டாக்கில் போட்டுக் கொடுப்பது மலிவாக இருந்தால் யோசிக்காமல் அதை எடுத்துவிடலாம். மூன்றாவது செய்தியான டிடிஆர்4-ஆ டிடிஆர்5-ஆ என்பது இந்தக் கணக்குக்குத்தான் தேவை. ஒன்றுக்கு வாங்கியது மற்றதில் பொருந்தாது.

“512 ஜிபி எஸ்எஸ்டி”

விண்டோஸில் திறந்து பார்த்தால் 476 என்று காட்டும். யாரும் திருடவில்லை. தயாரிப்பாளர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், விண்டோஸ் 1024, 1024 ஆக எண்ணுகிறது. ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2 ஒன்றே 150 ஜிபி கேட்கும். பெரிய விளையாட்டு இரண்டு, கல்லூரி மென்பொருள்கள், கொஞ்சம் சினிமா என்றால் இடம் முடிந்தது. இரண்டாவது எஸ்எஸ்டிக்கு ஸ்லாட் உண்டா என்று மட்டும் கேட்டுக்கொள்ளலாம். இது மாற்றக்கூடிய இனம். இதற்கு மேல் உரை தேவையில்லை.

“விண்டோஸ் 11 ஹோம்”

விண்டோஸ் இல்லாமல், டாஸ் என்று எழுதிச் சில ஆயிரம் குறைத்து விற்கும் மாடல்களும் உண்டு. லினக்ஸ் தெரிந்த மாணவருக்கு அது சரி. ஆனால் வாலரன்ட் என்ற விளையாட்டு லினக்ஸில் ஓடாது, விண்டோஸ் 11-இல் செக்யூர் பூட்டும் டிபிஎம் 2.0-வும் இயங்கினால்தான் திறக்கும். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. கிராக் விண்டோஸ் போட்டுத் தருகிறேன் என்பவரிடம் பிள்ளையின் மெயில், வங்கி, கல்லூரிக் கணக்குகள் எல்லாம் திறக்கும் மெஷினைக் கொடுக்க வேண்டாம்.

“6 ஜிபி கிராபிக்ஸ் / என்விடியா ஜிஃபோர்ஸ் ஆர்டிஎக்ஸ் 3050”

மூலத்தின் உயிர் இங்கே இருக்கிறது. சூழ்ச்சியும் இங்கேதான். பொறுமையாகப் பிரிக்க வேண்டிய இடம்.

முதல் சூழ்ச்சி, நினைவகத்தின் அளவை முன்னால் போட்டுச் சில்லின் பெயரைப் பின்னால் தள்ளுவது. ஆர்டிஎக்ஸ் 3050 என்ற ஒரே பெயரில் லேப்டாப்களுக்கு இரண்டு சரக்கு உண்டு. முதலில் வந்த 4 ஜிபி வகையில் 2048 குடா கோர்கள், நினைவகத்தோடு பேசும் அகலம் 128 பிட். பின்னால் வந்த 6 ஜிபி வகையில் 2560 குடா கோர்கள், அகலம் 96 பிட். கோரும் கொள்ளளவும் கூடின, அகலம் குறைந்தது. மொத்தத்தில் 6 ஜிபி வகையே மேல். இன்றைய விளையாட்டுகளின் டெக்ஸ்சர்களுக்கு 4 ஜிபி போதாமல் திணறும் இடங்கள் கூடிக்கொண்டே வருகின்றன. ஆனால் வரியில் 3050 என்று மட்டும் எழுதி ஜிபியை விட்டிருந்தால், அது 4 ஜிபி என்று எடுத்துக்கொண்டே பேரம் தொடங்கலாம்.

கீழே இன்னொரு பெயர் உண்டு: ஆர்டிஎக்ஸ் 2050. பெயரைக் கேட்டால் 20 வரிசைச் சரக்கு என்று தோன்றும். உள்ளே இருப்பது 3050-இன் அதே ஆம்பியர் கட்டமைப்புதான். கோர் எண்ணிக்கையும் 2048. ஆனால் அகலம் 64 பிட், மின்சாரம் 30 முதல் 45 வாட். 50 ஆயிரத்தை ஒட்டி ‘கேமிங்’ என்று வந்த மாடல்கள் பலவற்றில் இதுதான் இருந்தது. வாலரன்ட் மட்டும் ஆடுகிறவருக்குப் போதும். ‘ஆர்டிஎக்ஸ்’ என்ற எழுத்துக்காகக் கூடுதல் பணம் கொடுப்பவருக்கு ஏமாற்றம்.

இரண்டாவது சூழ்ச்சி மூலத்தில் எழுதப்படவே இல்லை: வாட். எஸ்டேட்டில் வேலை பார்ப்பவர்களுக்கு இதைச் சொல்லிப் புரிய வைப்பது எளிது. ஒரே மாடல் லேத்துக்கு 1 எச்பி மோட்டாரும் மாட்டலாம், 3 எச்பி மோட்டாரும் மாட்டலாம். பெயர்ப்பலகை ஒன்றுதான், கட்டிங் எடுக்கும்போதுதான் வித்தியாசம் தெரியும். லேப்டாப்பில் வரும் 3050-க்கு என்விடியா அனுமதிக்கும் எல்லை 35 வாட்டிலிருந்து 80 வாட் வரை. 4050-க்கு 35-இலிருந்து 115 வரை. எந்த வாட்டில் ஓட்டுவது என்பதை லேப்டாப் கம்பெனி தன் உடலின் தடிமன், ஃபேன், அடாப்டர் ஆகியவற்றைப் பார்த்து முடிவு செய்கிறது. குறைந்த வாட் கொடுத்த ஒரு 4050, முழு வாட் கிடைத்த 3050-ஐப் பெரிதாக மிஞ்சாமல் நிற்கக்கூடும். இரண்டுக்கும் விலைச்சீட்டில் பெயர் மட்டுமே இருக்கும்.

வாட்டை எங்கே கண்டுபிடிப்பது? கம்பெனியின் முழு ஸ்பெசிபிகேஷன் தாளில் டிஜிபி என்ற எழுத்துக்கு அருகில் பெரும்பாலும் இருக்கும். கடையில் டெமோ மெஷின் இருந்தால் என்விடியா கன்ட்ரோல் பேனலைத் திறந்து, சிஸ்டம் இன்ஃபர்மேஷனில் உச்ச கிராபிக்ஸ் மின்சாரம் எவ்வளவு என்று பார்க்கலாம். இரண்டும் இல்லாவிட்டால் பெட்டியிலிருக்கும் அடாப்டரைத் திருப்பிப் பார்க்க வேண்டும். பிராசசருக்கு 45, திரைக்கும் மற்றவற்றுக்கும் கொஞ்சம் என்று கழித்தால் கிராபிக்ஸுக்கு எவ்வளவு மிஞ்சும் என்று தோராயமாகத் தெரிந்துவிடும். விற்பனையாளர் இதை வினோதமாகப் பார்ப்பார். பார்க்கட்டும்.

இனி, 3050 போதுமா? வாலரன்ட், கவுன்டர் ஸ்ட்ரைக் 2 போன்ற போட்டி விளையாட்டுகளுக்குத் தாராளம். ஜிடிஏ 5 நன்றாகவே ஓடும். புதிதாக வரும் பெரிய விளையாட்டுகளை அமைப்புகளைக் குறைத்து, டிஎல்எஸ்எஸ் என்ற என்விடியா வசதியின் துணையோடு ஆட வேண்டியிருக்கும். நான்கு வருடப் படிப்புக்கு வாங்குகிறோம் என்பதை நினைத்தால், எட்டுப் பத்தாயிரம் கூட்டிப் போட முடிகிறவர் 4050-க்குப் போவதையே சொல்வேன். நடுவில் செயற்கையாக ஃப்ரேம்களை உருவாக்கிச் சேர்க்கும் வசதி 40 வரிசையிலிருந்துதான் வருகிறது, 3050-க்குக் கிடையாது. 2025-இல் வந்த 5050-இல் நினைவகம் 8 ஜிபி. அது இந்த விலைப் பட்டியலுக்குள் இறங்கும் நாளில் அதையே முதலில் பார்க்கலாம்.

ஒரே விலைக்கு 16 ஜிபி ரேமோடு 3050, 8 ஜிபி ரேமோடு 4050 என்று இரண்டு மெஷின் எதிரே நின்றால்? முன்பென்றால் கண்ணை மூடிக்கொண்டு இரண்டாவதைச் சொல்லியிருப்பேன். கிராபிக்ஸை மாற்ற முடியாது என்ற வாதம் இப்போதும் மாறவில்லை. ஆனால் அடுத்த ஒரு வருடத்துக்குள் இன்னொரு ஸ்டிக் வாங்கப் பணம் வரும் என்ற நிச்சயம் வீட்டில் இல்லையென்றால் முதலாவதே சரி. 8 ஜிபியில் தடுமாறும் 4050-ஆல் யாருக்கும் பயன் இல்லை.

படிப்புக்கும் இந்தச் சொல்லுக்கும் என்ன உறவு என்று கேட்பவர்களுக்கு: மெக்கானிக்கல், சிவில், ஆர்க்கிடெக்சர் மாணவர்களின் முப்பரிமாண மாடலிங்குக்கு இது நேரடியாக உதவும். ஏஐ, டேட்டா சயின்ஸ் எடுத்தவர்கள் பைடார்ச் போன்றவற்றை என்விடியாவின் குடா வழியாக ஓட்டிப் பழகலாம். 6 ஜிபிக்குள் அடங்கும் சின்ன மாதிரிகள் ஓடும். பெரிது வேண்டுமென்றால் எப்படியும் கூகுள் கோலாப் போன்ற இடத்துக்குத்தான் போக வேண்டும். சி, ஜாவா, பைத்தான் எழுதுவதற்கு இந்தச் சொல்லே வேண்டாம். “படிப்புக்குத்தாம்பா” என்று பிள்ளை சொல்லும்போது எந்தப் படிப்பு என்று கேட்கலாம். சண்டைக்காக இல்லை. விளையாடவும் வேண்டும் என்று வாய்விட்டுச் சொல்ல இடம் கொடுத்தால், பொய்க்காரணத்துக்கேற்ற மெஷின் வாங்காமல் உண்மைக்கேற்ற மெஷின் வாங்கலாம்.

“144 ஹெர்ட்ஸ்”

திரை ஒரு நொடிக்கு 144 முறை படத்தைப் புதுப்பிக்கும் என்பது பொருள். வேகமாகச் சுடும் விளையாட்டுகளில் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். கிராபிக்ஸ் அத்தனை ஃப்ரேம் கொடுத்தால்தான் என்பதைச் சேர்த்துப் படிக்க வேண்டும். ஆனால் இந்தச் சொல் முன்னால் நின்று இன்னொன்றை மறைக்கிறது. இந்த விலைத் திரைகள் பல 250 நிட் வெளிச்சமும் 45 சதவீத என்டிஎஸ்சி நிறமும் கொண்டவை. எளிதாகச் சொன்னால், சிவப்பு சிவப்பாகத் தெரியாது, ஜன்னலோரம் உட்கார்ந்தால் மங்கும். போட்டோ, வீடியோ எடிட்டிங், டிசைன் என்று கை வைக்க நினைக்கும் மாணவர் 100 சதவீத எஸ்ஆர்ஜிபி என்று எழுதிய திரையைத் தேட வேண்டும். 120 ஹெர்ட்ஸ் என்றாலும் நல்ல நிறமுள்ளதையே நான் எடுப்பேன். கண் நான்கு வருடம் அதைத்தான் பார்க்கப்போகிறது.

“கேமிங் லேப்டாப்”

இந்தச் சொல்லைக் கேட்டால் வீட்டில் இரண்டு பயம் வருகிறது. ஒன்று, பணம் கட்டி ஆடும் ரம்மி வகையறா. அந்தப் பயத்துக்குத் தமிழ்நாட்டில் காரணம் உண்டு. ஆனால் அது நடப்பது பெரும்பாலும் செல்போனில். அதற்குக் கிராபிக்ஸ் கார்டு வேண்டாம். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஆன்லைன் கேமிங் சட்டமும் பணம் வைத்து ஆடுவதைத் தடை செய்து, இ-ஸ்போர்ட்ஸைத் தனியாகப் பிரித்து அங்கீகரிக்கிறது. பெரியவர்கள் இந்தப் பிரிவினையைத் தெரிந்துகொண்டால் வீட்டு வாக்குவாதம் பாதி குறையும்.

மற்றது கரண்ட் பில். விளையாடும்போது மெஷின் சுமார் 120 வாட் இழுக்கிறது என்று வைப்போம். தினம் 4 மணி நேரம், இரண்டு மாதத்துக்கு 240 மணி நேரம். ஏறத்தாழ 29 யூனிட். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்ற கணக்கு நேரடியாகக் கிடைக்கும் வீட்டில் இது பெரிய விஷயமில்லை. சப் மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று வீட்டுக்காரர் வாங்கும் வாடகை வீட்டில் பேச்சு வரும். இதற்கு மேல் ஃபேனோ ஏசியோ தனிக்கணக்கு.

இந்தச் சொல் சொல்லாமல் விடுவது சூடு. கம்பெனிகள் சோதிப்பது குளிர்ந்த அறையில். சென்னையில் மே மாதம், ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே, உள்ளே இழுக்கும் காற்றே 38, 40 டிகிரி. பிராசசர் 100 டிகிரியைத் தொட்டதும் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். காசு கொடுத்து வாங்கிய 4.6 கிகாஹெர்ட்ஸ் அப்போது கிடைக்காது. மெத்தைமேல் வைத்து ஆடக் கூடாது, காற்று இழுக்கும் துளைகள் அடியில்தான் இருக்கின்றன. பின்பக்கத்தைக் கொஞ்சம் தூக்கி வைத்தாலே சில டிகிரி இறங்கும். லாரிகள் ஓயாத தொழிற்பேட்டைத் தூசியில் வருடத்துக்கு ஒருமுறை ஃபேனைச் சுத்தம் செய்யக் கொடுப்பதை வழக்கமாக்கிக்கொள்ளலாம். இரண்டு ஃபேன், பின்னாலும் பக்கத்திலும் காற்று வெளியேறும் வழி உள்ள கொஞ்சம் தடித்த மெஷினே இந்த ஊருக்குச் சரி. மெலிந்த அழகு இங்கே உதவாது.

இடைப்பிறவரலாக ஒன்று. தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011-இல் தொடங்கிச் சில ஆண்டுகள் நின்றுபோயிருந்தது. கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு இரண்டு ஆண்டுகளில் மடிக்கணினியோ கைக்கணினியோ தருவதாக 2025-26 பட்ஜெட்டில் அறிவிப்பு வந்தது. அந்த வகைக் கணினி குறிப்பெடுக்கவும் கோட் எழுதவும் ஆனது, விளையாட்டுக்கானதல்ல. அது கைக்கு வரக்கூடிய அரசுக் கல்லூரி மாணவர், அதையே கல்லூரிக்குத் தூக்கிப் போகலாம். வீட்டில் இதே பணத்துக்கு ஒரு டெஸ்க்டாப் கட்டினால் இன்னும் வலுவான கிராபிக்ஸ் கிடைக்கும், எல்லாமே மாற்றக்கூடிய இனமாகிவிடும். ஒரு யுபிஎஸ் செலவு மட்டும் கூடும். அந்த வாய்ப்பு இல்லாதவருக்குத்தான் நம் மூலம்.

“15.6 அங்குலம், கறுப்பு, 2.1 கிலோ”

கிலோ கணக்கில் அடாப்டர் சேரவில்லை. இந்த வகை அடாப்டர் அரை கிலோவை ஒட்டி இருக்கும். சார்ஜரைவிட்டுப் போகலாமே என்றால், பேட்டரியில் விளையாட்டு ஒரு மணி, ஒன்றரை மணி நேரத்துக்குமேல் தாங்காது, வேகமும் பாதியாகும். புத்தகம், டிபன் பாக்ஸ், தண்ணீர் பாட்டில், இது எல்லாம் முதுகில் ஏறி காலை நேரத்து ரயிலில் தொங்கப் போகிறதா, கல்லூரி பஸ்ஸில் மடியில் உட்காரப் போகிறதா என்பதை யோசிக்கலாம். நிறத்துக்கு உரை இல்லை. கைரேகை படியும், அவ்வளவே.

மூலத்தில் இல்லாதது, பெட்டியின் மேல் இருப்பது

ஒன்றரை வரி முடிந்தது. ஆனால் பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரையும் மூலத்தின் பகுதியாகவே கொள்ள வேண்டும். எடையளவுச் சட்டத்தின் 2011 விதிகளின்படி அதில் தோற்ற நாடு, தயாரிப்பு மாதம், எம்ஆர்பி எல்லாம் இருக்க வேண்டும்.

தோற்ற நாடு சீனா என்று இருந்தால் குறையில்லை, இந்தியா என்று இருந்தால் தனிச்சிறப்பும் இல்லை. ஆனாலும் பூந்தமல்லியைத் தாண்டிப் பெங்களூர் சாலையில் போகிறவர்களுக்கு ஒரு தகவல். ஸ்ரீபெரும்புதூரில் டெல் 2007 முதல் ஆலை வைத்திருக்கிறது. எச்பி அங்கே ஃப்ளெக்ஸ் நிறுவனத்தின் ஆலையில் கணினி செய்யத் தொடங்கி, 2021 இறுதியில் லேப்டாப்களுக்கும் வந்தது. தாம்பரம் ஏற்றுமதி மண்டலத்தில் சிர்மா எஸ்ஜிஎஸ் நிறுவனம் 2025 ஜனவரியில் எம்எஸ்ஐ லேப்டாப்களுக்கான வரிசையைத் திறந்தது. பையன் வாங்கும் பெட்டி, அவன் கல்லூரி பஸ் போகும் சாலையிலேயே வந்திருக்கவும் கூடும்.

அடாப்டர்மேல் பிஐஎஸ் முத்திரையும் ஆர் என்று தொடங்கும் பதிவெண்ணும் இருக்கும். பின்னாளில் அடாப்டர் கெட்டு மாற்று வாங்கும்போது இந்த எண்ணை பிஐஎஸ் கேர் செயலியில் போட்டுப் பார்த்து வாங்கினால் போலி தெரிந்துவிடும்.

எம்ஆர்பிக்கு மட்டும் கொஞ்சம் விரிவு தேவை. அது 18 சதவீத ஜிஎஸ்டியும் சேர்ந்த உச்ச விலை. இந்த வகையறாவில் அதை விற்கும் விலைக்கு எட்டாத உயரத்தில் அச்சிடுவது வழக்கம். அதனால் “35 சதவீதம் தள்ளுபடி” என்பதற்குப் பொருளே இல்லை, இறுதித் தொகையை மட்டும் பார்க்க வேண்டும். வட்டியில்லாத் தவணை என்பதும் அப்படியே. பூஜ்ய வட்டி என்ற ஒன்றே கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013-லேயே சொல்லிவிட்டது. வட்டியைத் தள்ளுபடி போலக் கழித்துக் காட்டுகிறார்கள், கார்டு தவணையில் அந்த வட்டிமேல் ஜிஎஸ்டி தனியாக விழும். ஒரே தொகையாகக் கொடுத்தால் என்ன விலை என்று கேட்டுவிட்டுத் தவணையைப் பேசலாம். கல்விக்கடன் எடுத்திருக்கும் வீட்டுக்கு இன்னொரு வழி உண்டு. இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக்கடன் திட்டம், படிப்பை முடிக்கத் தேவைப்படும் கணினியின் செலவையும் கடனில் சேர்க்க இடம் தருகிறது. விண்ணப்பிக்கும்போதே விலைப்பட்டியலை இணைத்துக் கேட்க வேண்டும்.

எஸ்டேட்டில் சொந்தமாகச் சின்ன ஒர்க்‌ஷாப் வைத்திருப்பவர்களுக்கு ஆடிட்டர் அல்லாத ஒரு நண்பர் எப்போதும் சொல்வது: “கம்பெனி பேர்ல பில் போடுண்ணே, ஜிஎஸ்டி திரும்ப வந்துடும்.” பிள்ளையின் சொந்த உபயோகத்துக்கு வாங்கியதற்கு உள்ளீட்டு வரி வரவு கிடையாது. ஜிஎஸ்டி சட்டத்தின் 17(5) பிரிவு அதைத் தடுக்கிறது. பில் பிள்ளை பெயரிலோ பெற்றோர் பெயரிலோ இருப்பதே நேர்.

கடைசியாகத் தயாரிப்பு மாதம். ஒரு வருடத்துக்குமேல் கடையில் கிடந்த பெட்டியென்றால் பேட்டரியும் அதற்கேற்ற வயதோடு இருக்கும், விலை பேசக் காரணம் கிடைத்தது என்று கொள்ளலாம். கடையை விட்டு வெளியே வரும்முன் சீரியல் எண்ணைக் கம்பெனியின் இணையதளத்தில் போட்டு, வாரன்டி எந்தத் தேதியிலிருந்து ஓடுகிறது என்று பார்க்க வேண்டும். பழைய ஸ்டாக்கில் பில் தேதிக்கு முன்பே அது தொடங்கிவிட்டதாகக் காட்டுவதுண்டு. பில்லின் நகலை அனுப்பினால் திருத்திக் கொடுப்பார்கள்.